பவளத்தின் கழுத்துச் சுழி

சொன்னது நீதான். பச்சை உருமால் கட்டிக்கொண்டு, கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, மடையூர்க் குதிரைச் சந்தையில் ஆடி வெயில் உச்சிக்கு ஏறின நேரத்தில், நானூறு பேர் காதுபட, பூவாத்தாளின் செவலைக் குதிரையினுடைய தொண்டைக்குழியைச் சுட்டுவிரலால் காட்டி, "இது பாடைச் சுழி, இதைக் கட்டி வெச்சிருக்கிற ஊர்ல வருசம் திரும்பறதுக்குள்ள பாடை எழும்பும்" என்று சொன்னது நீதான். சொல்லிவிட்டு ஓரமாகத் துப்பிவிட்டு அடுத்த குதிரையைப் பார்க்கப் போய்விட்டாய். உன் பெயரைச் சொல்லி உன்னைப் பெரிய மனுசனாக்கப் பூவாத்தாளுக்கு இஷ்டமில்லை. அதனால் இந்தக் கதையிலும் உனக்குப் பெயர் கிடையாது.

கள்ளிவலசுப் பூவாத்தாளைத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. இருபத்திரண்டு வயதில் புருசனை லாரிக்குப் பறிகொடுத்தவள், தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு சந்தைக்கும் நடந்தவள். முதல் இரண்டு வருசம் அவளை ஏமாற்றாத தராசு அந்த வட்டாரத்திலேயே இல்லை. ஏமாந்த ஒவ்வொரு தடவையும் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு, மூன்றாம் வருசத்திலிருந்து, அவள் வருவதைப் பார்த்தாலே எடைக்கல்லைத் துடைத்து வைக்கிற மாதிரி ஏழு சந்தையையும் பழக்கி வைத்தவள். கோபம் வந்தால் அவள் வாய்க்கு முன்னால் லாரி டிரைவர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

குதிரைச் சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் இல்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள்ளே போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் ஒரு கணக்கு. மேலே இரண்டு முகமும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கீழே விரல்கள் சண்டை போடும். அந்தத் துண்டுக்குள் பொம்பளைக் கை போனதே கிடையாது. தாய்க்குதிரை வயிற்றுவலியில் செத்துப்போய், பால்மணம் மாறாத பெட்டைக்குட்டி ஒன்று கால் நடுங்க நின்ற வருசம், பூவாத்தாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நேராகத் துண்டுக்குள் விட்டாள். விற்க வந்த தரகனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அயலூர்ப் பொம்பளையின் விரலை அத்தனை பேர் நடுவில் எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பான்? அவள் அழுத்தின விலைக்கே தலையை ஆட்டிவிட்டுக் கையை உருவிக்கொண்டான். அப்படி வந்ததுதான் பவளம்.

ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தாள். பவளம் பெரிதாகி வண்டி இழுத்தது, தக்காளி சுமந்தது, பதினாலு வருசம் அவளுக்குப் பிள்ளையாகவும் கூட்டாளியாகவும் இருந்தது. அவள் முதல் கவளம் தின்றால்தான் அது கொள்ளில் வாய் வைக்கும். சந்தை முடிந்து திரும்புகிற வழியெல்லாம் அன்றைக்கு யாரை எப்படி மடக்கினாள் என்று அவள் கதை சொல்லுவாள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள், கூட்டிச் சொல்லுகிற இடத்தில் பவளத்தின் இடது காது பின்னால் மடங்கும். "செரி செரி, அம்புட்டு இல்ல, பாதிதான்" என்று அவள் குறைத்துக்கொள்வாள். சந்தையில் கோபம் தலைக்கேறி அவள் எவனையாவது கைநீட்டப் போகிற சமயத்தில், பவளம் பின்னாலிருந்து சேலைத் தலைப்பைப் பல்லால் கவ்வி ஒரு இழு இழுக்கும். அந்த ஒரு இழுப்புக்கு அவள் அடங்கித் திரும்பிவிடுவாள். கடிவாளம் யாருக்கு யார் போட்டதென்றே தெரியவில்லையே என்று சந்தைக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவள் செய்த தப்பும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆடிக்கும் பவளத்தைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, பதினெட்டு மைல் மடையூருக்கு ஓட்டிக்கொண்டு வருவாள். விற்பதற்கு இல்லை, விலை கேட்பதற்கு. துண்டுக்குள் கையைவிட்டு, வருசத்துக்கு வருசம் விரல்கள் கூடிக்கொண்டே போவதை உணர்ந்து, மனசு குளிர்ந்து, "யோசிச்சு அடுத்த வருசம் வர்றனுங்க" என்று கையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வியாபாரம் பண்ணியே பிழைத்தவளுக்குப் பிரியத்தை அளக்க வேறு படி தெரியவில்லை. விற்காத குதிரையைச் சந்தைக்குக் கொண்டுவராதே என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

அந்த வருசம் துண்டைப் போட்டது நீ. யாரோ ஒரு பணக்காரனுக்காக வந்திருந்தாய். சுழி பார்க்கிறவன் வாயே சந்தைக்குச் சட்டம் என்கிற நினைப்பில், போன வருசத்து விலையில் பாதியை அழுத்தினாய். அவள் சும்மா கையை எடுத்திருக்கலாம். துண்டை உருவி வீசிவிட்டு, யாருமே வாய்விட்டுச் சொல்லாத அந்தக் கணக்கைச் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவினாள்.

"ஏனுங், இந்த வெலை என்ற குதிர வாலுக்குச் செரியாப் போச்சுங். மிச்ச ஒடம்புக்கு எப்ப வர்றீங்?"

நானூறு பேரும் சிரித்தார்கள். கொள்ளு விற்கிறவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நிதானமாகக் குனிந்து, பவளத்தின் தாடையைத் தூக்கினாய். கழுத்து ரோமத்தில் சுழி இருந்தது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது தொண்டைக்குழிக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் அதற்கு மாலைச் சுழி என்று பேர், கட்டின வீடு விளங்கும். அளந்து பார்க்கிற உன் விரலுக்கு அது தெரியும். தெரிந்தே இரண்டு விரற்கடையை விழுங்கிவிட்டுத்தான் பாடைச் சுழி என்றாய்.

சொல் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டி கள்ளிவலசுக்குள் நுழைந்தபோது பாதிக் கதவு சாத்தியிருந்தது. பதினோராம் நாள், ஊர்த்தலைவர் சென்னியப்பனின் அப்பா செத்துப்போனார். அவருக்குத் தொண்ணூற்றி நாலு வயசு, மூன்று வருசமாகப் படுக்கையில் கிடந்தவர், ஆனாலும் பாடை எழும்பியது எழும்பியதுதானே. அதற்குப் பிறகு அவள் வண்டியில் யாரும் தக்காளி ஏற்றவில்லை. ஊர்த் தொட்டியில் பவளம் தண்ணீர் குடித்தால் மற்றவர்கள் தொட்டியைக் கழுவிவிட்டார்கள்.

சந்தையில் சொன்ன சுழிச் சொல்லை எடுப்பதற்கும் வழக்கம் ஒன்று உண்டு. சொன்ன வாய்தான் எடுக்க வேண்டும், குதிரையின் மேல் கையை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பூவாத்தாள் பவளத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை உன் வீட்டுக்கு நடந்து வந்தாள். முதல் தடவை நீ தூங்குகிறாய் என்றார்கள். இரண்டாம் தடவை வெளியூர் என்றார்கள், உன் செருப்பு வாசலில் கிடந்தது. மூன்றாம் தடவை ஜன்னல் வழியாக, "அடுத்த ஆடிக்குப் பாக்கலாம் அம்மிணி" என்றாய். ஏழு சந்தையில் யாரிடமும் தணியாதவள், அன்றைக்கு உன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுனது தப்புதானுங்க, என்னைய எது வேணா சொல்லுங், அதைய வுட்ருங்" என்றாள். நீ ஜன்னலைச் சாத்தினாய்.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் பவளம் முதல் கவளத்துக்குக் காத்திருக்காமல் தின்றிருந்தது. எவர் கையோ அவள் எழுவதற்கு முன்பே வாளியில் ஊறவைத்த கொள்ளை வைத்திருந்தது, கொள்ளுக்குள்ளே அரைத்த அரளிக்கொட்டை இருந்தது. வாயெல்லாம் நுரையோடு அது தலையை அவள் மடியில் வைத்தபோது வெயில் ஏறவில்லை. உயிர் போனபோது நல்ல வெயில். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "நாங்க இல்லீங்க்கா" என்றது ஒரு வீடு. "எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றது இன்னொரு வீடு. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருமே ஒரே மாதிரி எச்சிலை விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். குழி வெட்டக்கூட ஒருவர் வரவில்லை. ஜேசிபிக்காரன் வெளியூர்க்காரன், அவன்தான் வந்து வேலி ஓரமாகத் தோண்டிக் கொடுத்தான்.

பதினாறாம் நாள் பூவாத்தாள் மனுசருக்குச் செய்கிற மாதிரியே காரியம் செய்தாள். அன்று காலையில்தான் கள்ளிவலசில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் தொண்டையில் சுழியோடு எழுந்தார்கள்.

தொண்டைக்குழிக்கு இரண்டு விரற்கடை மேலே, வலப்பக்கமாகச் சுற்றுகிற, ஒரு ரூபாய்க் காசு அகலச் சுழி; செவலை நிறத்தில், முரட்டு ரோமம். கிழவிகளுக்கும் வந்தது, தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைக்கும் வந்தது, முந்தின நாள் விருந்துக்கு வந்து தங்கின சென்னியப்பனின் மச்சினனுக்கும் வந்தது. அதில் ஊறின கொள்ளும் வேர்வையும் கலந்த வாசனை அடித்தது.

முதல் நாள் கூட்டமெல்லாம் மயில்சாமியின் சலூனில். அவர் தன்னுடையதை முதலில் மழித்துவிட்டு மற்றவர்களுக்கு மழித்தார், மதியச் சோற்றுக்குள் எல்லோருக்கும் திரும்ப முளைத்துவிட்டது, மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சின்னச் சீப்பு வாங்கிப் போட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எல்லோருக்கும் பத்துப் பத்துச் சத்து மாத்திரை கொடுத்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் அங்க அடையாளம் எழுதுகிற இடத்தில் நாற்பத்தியொரு பிள்ளைகளுக்கும் தொண்டையில் சுழி என்று ஒரே மாதிரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் கழுத்துவரை மூடின ரவிக்கைக்கு அளவு கற்றுக்கொண்டார். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள், அன்றைக்கே எங்கேயோ அணை நிரம்பிவிட்டதால் அந்தப் படம் வரவேயில்லை. சுழியில் விளக்கெண்ணெய் வைத்தால் இருமல் நிற்கிறது என்று கிழவிகள் கண்டுபிடித்தார்கள். இடி இடித்தால் ஊர் முழுக்க அந்த ரோமம் சிலிர்த்து நின்றது, பவளத்துக்கும் இடியென்றால் ஆகாது. இரண்டு மாதத்துக்குள் காலையில் பல் விளக்குகிற மாதிரி சுழியைச் சீவுவதும் ஒரு வேலையாகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: பூவாத்தாள் தெருவில் நடந்தால் ஊருடைய தொண்டை மொத்தமும் குறுகுறுத்தது, வீட்டுக்காரி வருகிற சத்தம் கேட்டுக் குதிரை சிலுப்பிக்கொள்கிற மாதிரி. அவள் கடந்து போகிறவரைக்கும் யாராலும் எச்சில் விழுங்க முடியவில்லை.

அவள் ஒருத்திக்கு மட்டும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், கழுத்து உரித்த வெங்காயம் மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டு திட்டினாள். "பதினாலு வருசம் என்ற கையில தின்னியே, கொன்னவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு எனக்கு ஒரு மசுரு வெக்கத் தோணுலியா உனக்கு?"

சென்னியப்பனின் மகள் தாரணிதான் ஒருநாள் தானாக வந்தாள். நிச்சயம் ஆன பெண். மாப்பிள்ளை வீட்டார் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பூவாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மிணி, ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"பாருங் பெரியம்மா."

பூவாத்தாள் கட்டைவிரலால் சுழியின் சுற்றோடு மூன்று தடவை வருடினாள், பவளத்துக்கு வருடுகிற மாதிரியே. தாரணியின் கண் தானாகச் செருகியது. அன்றிலிருந்து அந்தப் பெண் தினமும் வந்து கழுத்தைக் காட்டிவிட்டுப் போனாள். பூவாத்தாள் வருடிக்கொண்டே சந்தைக் கதைகளைச் சொன்னாள். தாரணிக்குப் பொய் எது நிஜம் எது என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் "அப்படீங்களா" என்றாள்.

தாரணி கல்யாணம் மட்டும் நிற்கவில்லை. கள்ளிவலசு மாட்டை எந்தச் சந்தையிலும் யாரும் தொடவில்லை, கள்ளிவலசுக்காரன் உட்கார்ந்த பஸ் சீட்டில் யாரும் உட்காரவில்லை, பாடைச் சுழி ஊர் என்றே பேராகிவிட்டது. சித்திரையில் சென்னியப்பன் பத்துப் பேரோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"அம்மிணி, அந்த மடையூர்க்காரரு வாயால அந்தச் சொல்லை எடுத்தாத்தான் நாம பொழைக்க முடியும். அவருகிட்ட நின்னு பேச உன்னைய வுட்டா ஆளில்ல."

"அதைய அன்னைக்கு எங்கூட வந்து பேசியிருந்தா என்ற குதிர இருந்திருக்குமுங்ண்ணா."

"ஆனது ஆயிப்போச்சு."

"ஆகுலீங். ஆக்குனீங்." அவள் குரல் ஏறியது, ஏறினபோது பத்துப் பேரும் தொண்டையைச் சொறிந்தார்கள். "செரி, நான் வர்றேன். ஒரே பேச்சு. மொதல்ல என்ற பவளத்துக்குச் சொல்லோணும், அப்பறந்தான் உங்களுக்கு. சம்மதமுங்களா?"

சம்மதம் என்று மாரியம்மன் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சொன்னார்கள்.

ஆடியில் எட்டு டிராக்டரில் கள்ளிவலசே மடையூர்ச் சந்தையில் வந்து இறங்கி, உன் முன்னால் வரிசையாகக் கழுத்தைக் காட்டி நின்றதை நீ மறந்திருக்கமாட்டாய். பாடைச் சுழி என்று சொன்னால் முன்னூறு பேர் உன்னை அங்கேயே பாடையில் ஏற்றியிருப்பார்கள். மாலைச் சுழி என்று சொன்னால் போன வருசம் சொன்னது பொய்யென்று ஆகி உன் பிழைப்பு போய்விடும். நீ தாரணியின் கழுத்தில் விரல் வைத்து அளந்தாய். நிதானமாக ஒரு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டாய்.

"மனுசருக்கு இந்த எடத்துல இருந்தா மாலைச் சுழி. ராஜ யோகம். இந்த ஊர்ல பொண்ணெடுக்கறவன் குடுத்து வெச்சவன்" என்றாய்.

எழும்பின சத்தத்தில் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சென்னியப்பன் அழுதார். மயில்சாமி ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வீசினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே பூவாத்தாள் உன் கிட்டத்தில் வந்து, "குதிரைக்குங்?" என்று கேட்டாள்.

"குதிரைக்கு அது பாடைச் சுழிதான் அம்மிணி. சாஸ்திரத்தை நாம மாத்த முடியுங்களா?"

அவள் திரும்பி ஊரைப் பார்த்தாள். சூடம் அணைத்த பத்துக் கையும் மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருந்தது. "ஏனுங்ண்ணா, மொதல்ல என்ற பவளத்துக்குன்னு பேச்சு" என்றாள். சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அட வுடு அம்மிணி, செத்த குதிரைக்கு எந்தச் சுழியா இருந்தா என்ன? வண்டியில ஏறு" என்றார். இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டுத்தான் அவள் நடந்தாள், பதினெட்டு மைலும் நடந்தாள்.

பிறகு ஊர் செழித்தது. கள்ளிவலசுப் பெண்களுக்கு நகை கேட்காமல் மாப்பிள்ளைகள் வந்தார்கள். சுழி தெரிகிற மாதிரி ரவிக்கைக் கழுத்தை இறக்கித் தைக்கச் சொன்னார்கள். சுழி தெரியக் கழுத்தில்லாத பனியனோடு ஆண்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுழி வந்த நாளைக் கோயில் திருவிழாவாக்கி, அன்றைக்கு ஊருக்கே சோறு போட்டார்கள். அப்போதுதான் யாரோ பேச்சை எடுத்தார்கள்: ஊருக்கெல்லாம் மாலை விழுந்து ஒருத்திக்கு மட்டும் விழவில்லையென்றால், அவளிடம் ஏதோ இருக்கிறது என்று. எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். அவள் மொண்ட பிறகு தொட்டியைக் கழுவிவிட்டார்கள். தாரணி கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பு இல்லை. மறுவீட்டுக்குப் புறப்பட்ட காரை அவள் வேலியோரமாக நின்று பார்த்தாள். கார் கடக்கும்போது தாரணியின் கை தானாகத் தொண்டைக்குப் போனது; பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் பூவாத்தாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். பதினோரு நாளாக உன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உன் வீட்டுக்காரி முதல் நாள் விரட்டினாள், மூன்றாம் நாள் திட்டினாள், ஐந்தாம் நாளிலிருந்து தண்ணீர் கொடுக்கிறாள். நீ கொல்லைச் சுவர் ஏறிப் போய் வருகிறாய் என்பது தெருவுக்கே தெரியும், எழுபது வயதில் முட்டி பேர்ந்ததுதான் மிச்சம். காசு தருகிறேன் என்று ஆள் அனுப்பினாய், நல்ல குட்டிக்குதிரை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லி அனுப்பினாய். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேரம் பேசவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஊருக்குச் சொன்னது போதும், வெளியே வா. வாசல் வழியாக வா. பஸ் இருக்கிறது, முட்டி வலித்தால் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள். கள்ளிவலசில் இறங்கினால் வேலி ஓரமாகப் புல் முளைத்த மண்மேடு தெரியும். குனி. அந்த மண்ணில் கையை வை. கூட்டம் வேண்டாம், சாட்சி வேண்டாம், அவள் ஒருத்தி கேட்டால் போதும். என் மானத்துக்காகப் பொய் சொன்னேன், இந்தக் குதிரையிடம் ஒரு குற்றமும் இல்லை என்று, அதே வாயைத் திறந்து சொல்.